நேர்கோடு அக்காவின் தோள்

இரண்டு நிறங்கள் சந்திக்கிற இடத்தில்தான் பெயின்டரின் கை தெரியும் என்பாள் அவள். பரந்த சுவரை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். ரோலரை மேலும் கீழும் உருட்டத் தெரிந்தால் போதும். சுவர் முடிந்து சீலிங் தொடங்கும் ஓரம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மற்றவர்கள் அங்கே காகித டேப் ஒட்டிக்கொண்டு அடிப்பார்கள். அவள் ஒட்டியதில்லை. ஏணியின் மேல்படியில் நின்று, பிரஷை மூன்று விரலில் பிடித்து, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே ஒரே இழுப்பு. கோடு நூல் பிடித்தாற்போல் மூலையிலிருந்து மூலைக்குப் போய் நிற்கும். அதனால் வந்த பெயர் நேர்கோடு அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. மருந்துச் சீட்டில் மட்டும்தான் அது உயிரோடிருக்கிறது.

சுவருக்குப் பூசும் பட்டி கலக்கப் பெயின்டர் புருஷன் கூட்டிவந்த பெண் அவள். கல்யாணமான புதிதில் உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஏணியில் ஏறி ஓரத்தை அடித்துவைத்தாள். திரும்பி வந்தவர் அண்ணாந்து பார்த்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கத்தையும் முடிச்சிடு" என்றார். அன்றிலிருந்து மேலே அவள், கீழே அவர். அவர் கண்ணை மூடிய பிறகும் அவள் மேலேதான் இருந்தாள். ஏணி பிடிக்கிற ஆள்தான் மாறிக்கொண்டே இருந்தது.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. அடித்து முடித்த சுவரை யாரும் விரலால் தொடக் கூடாது. வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய சோதனை. புதுச் சுவரைப் பார்த்ததும் அவர்கள் விரல் தானாக நீளும்.

"காஞ்சிருச்சான்னு பார்க்கிறேன்க்கா."

"உங்க கன்னத்தைத் தொட்டுப் பாருங்க, அது காஞ்சிருக்கான்னு."

மற்றவர்களுக்குச் சொல்வதைத் தானும் கடைப்பிடித்தாள். குறுகிய நடையில் போனால் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுவில் நடப்பாள். மின்சாரம் போன இருட்டில்கூடச் சுவரைத் தடவிக்கொண்டு வர மாட்டாள். பழக்கம் என்று சொன்னால் போதாது. எலும்பில் ஏறிப்போன விஷயம்.

இப்படிப்பட்டவள் எழுபதை நெருங்குகையில் விழுந்தாள். ஏணியிலிருந்து விழுந்திருந்தாலாவது கௌரவமாக இருந்திருக்கும். விழுந்தது சொந்த வீட்டு வாசலில், ஈரத் தரையில், கையில் ஒரு காலி வாளியுடன். எழ முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்து மகளுக்குப் போன் செய்கிறவரை அங்கேயேதான் கிடந்தாள். மகள் வந்தபோது அம்மா வானத்தைப் பார்த்தபடி, "வாளியை எடுத்து உள்ள வை, யாராவது தடுக்கி விழப்போறாங்க" என்றாள்.

எலும்பு முறியவில்லை. வலது தோளின் உள்ளே எதுவோ கிழிந்திருந்தது. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார்கள். "ரெண்டு வாரம் என் வீட்ல இரும்மா" என்று மகள் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கட்டு அவிழ்ந்தது. தோள் அவிழவில்லை. கை மார்பு உயரத்துக்கு வரும், அதற்கு மேல் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுத்ததுபோல் நின்றுவிடும். இரண்டு வாரம் நீண்டு மாதங்களாயிற்று.

மகள் நல்லவள். அதுதான் சிக்கல். அக்கா தட்டைக் கழுவப் போனால், "நான் பார்த்துக்கிறேன், நீ உட்காரும்மா." துணி மடிக்க எடுத்தால், "தோளு போயிடும், உட்காரும்மா." மாப்பிள்ளையும் தங்கமானவர். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. மேசை மேல் பேனாக்களைக்கூட ஒரே பக்கம் பார்த்து வைப்பார். அவர் கடை கடையாக அலைந்து மாமியாருக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிவந்தார். அவ்வளவு மெத்தென்ற நாற்காலி. அதில் உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிட்டுத் தலையை மட்டும் வெளியே வைத்திருக்கும்.

அக்கா உட்கார்ந்தாள். முதலில் கோபமாக, பிறகு சும்மா. தொலைக்காட்சி ஓடும், என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது. சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தாள். காலையில் கண் விழித்ததும் ஏன் விழித்தோம் என்றிருந்தது. இதெல்லாம் வயசுக் கோளாறு என்று மகள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு உறைத்தது வேறொரு நாள். சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே, மூலையில், மயிரிழையாக ஒரு விரிசல் விட்டிருந்தது. அந்த வீட்டை அடித்தது அக்காதான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே சுவரில் நாலு குறை சொல்கிற கண் அது.

"அம்மா, அந்த மூலையில விரிசல் விட்டிருக்கு, பார்த்தியா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள்.

அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை மகள் கேட்டதே இல்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் தோளைப் பார்த்ததைவிட அதிக நேரம் மற்றதைக் கேட்டார். தூக்கம், பசி, யாரோடு பேசுகிறாள், எதற்குச் சிரித்தாள். பிறகு மகளிடம் சொன்னார். "தோளும் மனசும் சேர்ந்து படுத்துக்கிச்சு. ஒண்ணை எழுப்பினா இன்னொண்ணும் எழும். உட்கார வைக்காதீங்க. பிசியோதெரபிக்கு அனுப்புங்க, தினமும் நடக்க விடுங்க. அப்புறமும் இப்படியே இருந்தா மருந்து யோசிக்கலாம்."

பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சி எளிது. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரல்களைக் கால்களைப்போல் மாற்றி மாற்றி வைத்துச் சுவரில் ஏற வேண்டும். வலிக்கிற இடத்தில் நின்று, மூச்சு விட்டு, இறங்க வேண்டும். அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். ஒப்புக்கு இரண்டு நாள் செய்தாள். யாருக்காகச் செய்வது என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம்தான் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை மெதுவாகத் தொடங்கினார். "அத்தை வீடு பூட்டியே கிடக்கு. பூட்டின வீடு சீக்கிரம் பாழாயிடும். மருந்துக்கடைக்காரர் ஒருத்தர், புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு, ரெண்டு மூணு மாசத்துல குடிவர்றேன்னு கேட்கிறாங்க."

"யார் வீட்டுக்கு?" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலைக் கேட்டு நாளாகிவிட்டது.

"உன் வீட்டுக்குத்தாம்மா. நீதான் இங்க இருக்கியே."

"இங்க இருக்கேன்னு யாரு சொன்னா? ரெண்டு வாரம்னு நீ சொன்னே. அது முடியல, அவ்வளவுதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் அவளுக்கே ஒரு நிம்மதி. உள்ளே எதுவோ இன்னும் வேலை செய்கிறது.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிம்மா தனியா இருப்பே?"

"கை சரியானா?"

மகள் சமாதானத்துக்காகச் சொன்னாள். "சரியானா தாராளமா போ."

"சரியாச்சுன்னா எந்த உசரம்?" அக்கா எழுந்து போய்க் கதவு நிலையின் மேல்கட்டையை இடது கையால் தட்டினாள். "இது வரைக்கும் வலது கை வந்துட்டா நான் போறேன். பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்" என்றாள் மகள். குழந்தைக்கு நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்கிற தொனிதான் அது. அக்கா தொனியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து பயிற்சி. கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில்தான் வெறும் சுவர் இருந்தது. அதன் முன்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, விரல்களை ஏற்றினாள். காலையும் மாலையும் விடாமல் செய்தாள். செய்யச் செய்யத் தோள் மோசமாகியது. ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. மார்பு வரை வந்த கை அதற்கும் கீழே நின்றது. மகள் மருந்துக்கடைக்காரருக்குச் சரி என்று சொல்லிவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

பிசியோ பெண்ணுக்குப் புரியவில்லை. அவளுக்கும் மகள் வயதுதான் இருக்கும். பேச்சில் தேன் தடவாத பெண், அதனாலேயே அக்காவுக்குப் பிடித்திருந்தது.

"தினமும் பண்றீங்களாம்மா?"

"ரெண்டு வேளையும்."

"நிஜமா?"

"பொய் சொன்னா எனக்கென்ன பதவியா கிடைக்கப்போகுது?"

"சரி, இங்க ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க."

அக்கா எழுந்து சுவரின் முன் நின்றாள். கையை நீட்டினாள். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி ஏறின. பிசியோ பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. ஏமாற்று இல்லை. பிறகு விரல்களைப் பார்த்தாள். கிட்டே வந்து பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். விரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி எடுக்கலாம்.

"அம்மா, நீங்க சுவரைத் தொடவே இல்ல."

"சுவரைத் தொடுவாங்களா?"

"தொடணும்மா. அதுக்குத்தான் சுவரு."

"விரல் தடம் விழுந்துடும்."

பிசியோ பெண் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "கையோட பாரத்தைச் சுவரு வாங்கிக்கணும்மா. அப்போதான் தோளுக்குப் பயம் போகும், கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கும். நீங்க முழு பாரத்தையும் தோள்மேலேயே போட்டுட்டு அந்தரத்துல ஏறியிருக்கீங்க. அது இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சுவர்ல ஏறுங்கன்னா தொட்டுத்தான் ஏறணும்னு தனியா சொல்ல வேண்டியிருக்கும்னு எனக்குத் தெரியல. என் சர்வீஸ்ல நீங்கதான் முதல் ஆளு."

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா மறுபடி கையை நீட்டினாள். விரல்கள் சுவருக்கு முன்னால் போய் நின்றன. போ என்றால் போகவில்லை. நெருப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றன. பிசியோ பெண் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, கேட்காமலேயே, உள்ளங்கையோடு சேர்த்துச் சுவரில் அழுத்தினாள். கையின் பாரம் சுவருக்குப் போனது. தோளில் ஏதோ ஒரு முடிச்சு அரை இழை தளர்ந்தது. அக்கா பெருமூச்சு விட்டாள். அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மாவு மாதிரி வெள்ளை ஒட்டியிருந்தது.

"ஏம்மா, இந்தச் சுவருக்கு யாரு அடிச்சது? பிரைமரே போடாம டிஸ்டெம்பரைத் தீத்திட்டுப் போயிருக்கான். ஜன்னல் ஓரத்தைப் பாரு, பாம்பு ஊர்ந்த மாதிரி."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் நிறைந்ததை அக்கா பார்க்கவில்லை. ஜன்னலின் மறு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று.

தோளுக்கும் கைக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்ட கையோடு அக்கா கூடத்துச் சுவரில் ஏறினாள். மூன்றே நாளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு தடம் விழுந்தது, எறும்புச் சாரி போல. மாப்பிள்ளை ஒருநாள் ஈரத் துணி எடுத்துவந்து தேய்த்தார்.

"தேய்க்காதீங்க மாப்பிள்ளை. பளபளப்பு வந்துடும். கறையாவது மனுஷன் வச்சதுன்னு தெரியும், இது மாடு நக்கின மாதிரி இருக்கும்."

தேய்த்த இடம் பளபளத்தது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்ரூம் டைல்ஸ்ல பண்ணலாமே அத்தை?"

"வழுக்குது. என் விரலு பல்லி இல்ல."

"சரி, ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிடட்டுமா?"

"அதுவும் வழுக்கும். சுவருன்னா சுவருதான் மாப்பிள்ளை. நான் அடிச்ச சுவரு, நானே கெடுக்கிறேன். கை வந்ததும் நானே சரி பண்ணித் தர்றேன். இல்லன்னா நான் பாடையில போற வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருங்க."

பாவம், அவர் தொலைக்காட்சியை நகர்த்தி வைத்து மறைக்கப் பார்த்தார். அக்காவின் விரல்கள் அதற்கும் மேலே ஏறின.

நடப்பதற்குத் துணையாக மூன்றாவது மாடியிலிருந்து டீச்சர் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவள், முழங்கால் வலிக்காரி, பேச்சில் மட்டும் ஓட்டப்பந்தயம். அவள்தான் முதலில் அக்காவைக் கீழ்த்தளத்து ஹாலில் நடக்கும் முதியோர் உடற்பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப்போனாள். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். விசில் வைத்திருந்த ஒரு பெண் நடுவில் நின்றாள்.

"பாட்டீஸ் எல்லாம் இப்போ கை தட்டலாமா? மெதுவா, மெதுவா. சமத்து. அந்தப் புதுப் பாட்டி ஏன் தட்டல?"

"எனக்கு வலது கை வராது."

"பரவாயில்ல பாட்டி, ஒரு கையால தொடையில தட்டுங்க. சமத்துப் பாட்டி இல்ல?"

"இங்க பாரும்மா" என்றாள் அக்கா. "எனக்குப் பேரன் பேத்தி கிடையாது. சமத்துன்னு என்னை என் அம்மாவே சொன்னதில்ல. உடம்பை அசைக்கிறதுக்கு என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன். கொஞ்சாதே."

ஹாலில் யாரோ ஒரு கிழவர் இருமுவதுபோல் சிரித்தார். டீச்சர் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் வெளியே வந்தார்கள்.

"என் மானத்தை வாங்கிட்டீங்க" என்றாள் டீச்சர்.

"நீங்களும் தட்டல. பார்த்தேன்."

"எனக்குக் கை தட்டினா எரிச்சல் வரும். ஆயுசு முழுக்க அதை நிறுத்தச் சொல்லித்தானே சம்பளம் வாங்கினேன்."

அன்றிலிருந்து இருவரும் காலையில் கட்டடத்தைச் சுற்றி நடந்தார்கள், பிறகு தெருவில், பிறகு தெரு முனைப் பூங்கா வரை. டீச்சர் பேசிக்கொண்டே வருவாள். மூச்சு வாங்கினால் மட்டும் நிறுத்துவாள். அந்த இடைவெளியில் அக்கா பேசுவாள். "அந்தக் கேட்டைப் பாருங்க, துருவைச் சுரண்டாம மேலயே பூசியிருக்கான்." "அந்த வீட்டு மஞ்சளைப் பார்த்தீங்களா, காமாலை." டீச்சர் சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். சில நாள் அக்காவுக்கு எழவே பிடிக்காது. அன்றைக்கும் டீச்சர் வந்து மணியை அடிப்பாள், அக்கா திட்டிக்கொண்டே செருப்பைப் போடுவாள்; பூங்கா வருவதற்குள் திட்டு தீர்ந்துவிடும். சாப்பாட்டுத் தட்டு காலியாக வந்தது. ஒருநாள் மகளைக் கூப்பிட்டு, "அந்த மூலை விரிசல் பெருசாகுது, எத்தனை நாளா சொல்லாம வச்சிருக்கே?" என்று சண்டை பிடித்தாள். மகள் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் எதுவும் உருளவில்லை. அவள் அடுப்பருகே சும்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கை ஏறியது. மார்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, நெற்றிக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

பிசியோ பெண் பின்னால் நின்று தோளைப் பிடித்துப் பார்த்தாள், படுக்க வைத்துப் பார்த்தாள். அக்கா கேட்டாள். "சுத்தி வளைக்காம சொல்லு. கதவு நிலை உசரம் எப்போ வரும்?"

"சொல்ல முடியலம்மா. மாசக்கணக்கா ஆகலாம். கிழிஞ்ச இடம் ஆறியிருக்கு, ஆனா பழைய மாதிரி இல்ல. முழுசா வராமலும் போகலாம்."

"சீலிங் ஓரம்?"

அந்தப் பெண் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "அது வேணாம்மா. தலைக்கு மேல கையைத் தூக்கி வேலை செய்றது இனிமே வேணாம்."

அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். வெளியே மகள் ஆட்டோவை நிறுத்தினாள். "நீ போ, நான் நடந்து வர்றேன்" என்றாள் அக்கா. மகள் வற்புறுத்தவில்லை.

நடந்தாள். கடைகள், பஸ் நிறுத்தம், பெட்ரோல் பங்கு. எதிலும் குறை காணவில்லை. பழைய பாரம் திரும்பிவந்து நெஞ்சின் மேல் உட்காரப் பார்ப்பது தெரிந்தது. இனி மேல்படி இல்லை. அந்த ஒரே இழுப்பு இல்லை. பூங்கா வரை அதை நினைத்தே நடந்தாள்; கண்ணில் நீர் வந்தது, துடைக்காமல் நடந்தாள். தெருவில் அழுதபடி போகிற கிழவியை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. அதுவும் வசதியாகத்தான் இருந்தது. பூங்காவைத் தாண்டியபோது வேறொன்று தோன்றியது. அந்தக் கதவு நிலையை யார் சொன்னது? அவள்தான். ஆத்திரத்தில் எழுந்து போய் ஒரு கட்டையைத் தட்டி, இதுதான் என் உயரம் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். அடுப்பு அந்த உயரத்தில் இல்லை. கட்டில் இல்லை. குழாய் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. அங்கே இருந்தது வெறும் கட்டை. என் வீட்டுக்குள் போக என் கை எந்த உயரத்துக்கு வர வேண்டும் என்று ஒரு கதவிடம் போய் ஏன் கேட்டேன்? அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலில் நடை வேகமாகியது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் மனைவியோடு அக்காவின் வீட்டைப் பார்க்க வருவதாக மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நல்லது" என்றாள் அக்கா. ஞாயிறு காலை மகளும் மாப்பிள்ளையும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அக்கா அதற்கு முன்பே டீச்சரோடு நடக்கப் போவதாகச் சொல்லி இறங்கியிருந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு திறந்திருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. அக்கா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கட்டிலில் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நடுவுல ரெண்டு இடத்துல உட்கார்ந்தோம்" என்றாள் டீச்சர். "நான் கேட்டுத்தான்."

மருந்துக்கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். நல்ல மாதிரியான ஜோடி. அந்த அம்மாள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஜன்னலில் பிடித்தாள், திரைச்சீலைக்கு.

"அளவெடுக்காதீங்கம்மா, வீண் வேலை" என்றாள் அக்கா. "உங்களை அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்கங்க. வீடு வாடகைக்கு இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

"அம்மா," என்றாள் மகள்.

"தண்ணி குடிச்சுட்டுப் போங்க. அடுத்த தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு, முன் அறை நான்தான் அடிச்சது. கேட்டுப் பாருங்க."

அவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை அவர்களை வழியனுப்புகிற சாக்கில் வெளியே நின்றுகொண்டார். டீச்சர் எழப் பார்த்தாள். "நீங்க இருங்க டீச்சர், இது ரகசியம் இல்ல" என்றாள் அக்கா.

"கை நிலை வரைக்கும் வரலயேம்மா" என்றாள் மகள். "நீதானே சொன்னே, பேச்சு மாறக் கூடாதுன்னு."

"நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன். கை போகல. இனிமே போகாமலும் போகலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. கை போகலன்னா என்ன, கால் போகுதே. நடந்துதான் வந்திருக்கேன்."

"மறுபடியும் விழுந்தா?" மகள் உடைந்துவிட்டாள். "உனக்கென்ன, வாளியை எடுன்னு சொல்லிட்டே. கேட்டுக்குள்ள நுழைஞ்சப்போ நீ செத்துட்டேன்னு நினைச்சேன். நீ வாயைத் திறக்கிற வரைக்கும் அந்த ஒரு நிமிஷம். அதை நீ பார்க்கல, நான்தான் பார்த்தேன். இப்பவும் ராத்திரி போன் அடிச்சா எழுந்து ஓடிவந்து உன்னைத்தான் பார்க்கிறேன்."

இதை மகள் இதுவரை சொன்னதில்லை. அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாது" என்றாள். "தெரிஞ்சிருக்கணும். ஆனா கேளு. உன் வீட்டு நாற்காலியில நான் விழாமத்தான் இருந்தேன். எப்படி இருந்தேன்னு நீயும்தானே பார்த்தே. நீதானே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனே. எனக்கு விழற பயத்தைவிட அந்த உட்கார்ற பயம் பெருசு. நீ என்னைக் காப்பாத்தணும்னா நடக்க விட்டுக் காப்பாத்து. வாசலுக்கு ஒரு கம்பி போடச் சொல்லு மாப்பிள்ளையை, பிடிச்சுக்கிறேன். பக்கத்து வீட்ல ஒரு சாவி கொடு."

"தினமும் ரெண்டு தடவை போன் பண்ணுவேன்."

"ஒரு தடவை."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா டீச்சரோட நடக்கப் போயிருக்கேன்னு அர்த்தம். டீச்சருக்குப் பண்ணு."

"என்னைக் கேட்காமலே என் நம்பரைக் கொடுக்கிறீங்க" என்றாள் டீச்சர்.

"தோளுக்காகப் பிசியோகிட்ட போறதை நிறுத்தக் கூடாது" என்றாள் மகள்.

"நிறுத்த மாட்டேன். அந்தப் பொண்ணு சுவரையும் ஒரு நாள் சரி பண்ணணும். தோள் உசரம் வரைக்கும் நான் அடிப்பேன், மேல வேற யாராவது அடிக்கட்டும். சொல்லிக்கொடுத்துத் தொலைக்கிறேன்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லா டப்பாவையும் பரண் மேல வச்சிருக்கே. பெரிய பாத்திரமும் அங்கதான். உன் கை எட்டாதே, எப்படிம்மா எடுப்பே?"

"எடுக்க மாட்டேன். எல்லாத்தையும் இறக்கு. இனிமே இந்த வீட்ல என் கை எட்டாத இடத்துல ஒரு பொருளும் இருக்கக் கூடாது."

மாப்பிள்ளை உள்ளே வந்து ஸ்டூலைப் போட்டார். மகள் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினாள். மாப்பிள்ளை அவற்றைத் தரையில் உயரம் பார்த்து வரிசைப்படுத்தத் தொடங்கினார். டப்பாக்கள், அண்டா, மூடியில்லாத தூக்கு, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஓர் இரும்புச் சட்டி. தரை நிறைந்தது.

"கீழ இடமே இல்லம்மா."

"இருக்கு. அந்த அலமாரியை இந்தப் பக்கம் தள்ளினா இடம் வரும்."

"அது கனமா இருக்கும், நாளைக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்."

அக்கா அலமாரியின் பக்கத்தில் போய் முதுகைக் கொடுத்து நின்றாள். கால்களை அகட்டி ஊன்றினாள்.

"மாப்பிள்ளை, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. டீச்சர், நீங்க வெறுமனே பேசிக்கிட்டிருந்தாப் போதும்."

அலமாரி கிறீச்சென்று ஒரு சாண் நகர்ந்தது.